ஒரு சாண் தள்ளி

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். என் கணவர் முதன்முதலாக வாங்கிய பைக்கின் நம்பர். வைஃபைக்கு அதுதான், டிவிக்கு அதுதான், கரண்ட் பில் கட்டுகிற ஆப்புக்கும் அதுதான். வேங்கிக்காலில் எங்கள் தெருவில் இரண்டு மூன்று வீடுகளாவது எங்கள் வைஃபையில்தான் சீரியல் பார்க்கின்றன. வயர்லெஸ் பாதுகாப்பில் பிஎச்டி செய்கிற பெண்ணின் வீடு இது. இதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்யாத ஆள் சொந்தத்தில் பாக்கியில்லை.

எனக்குப் பாஸ்வேர்டு என்றாலே எரிச்சல் வரும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள காபிக் கடைகளில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியே வைத்திருப்பார்கள். பெரும்பாலும் மலையின் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. எழுதி வைக்காவிட்டாலும் இந்த ஊர்க்காரர் யாராக இருந்தாலும் இரண்டாவது தடவையில் கண்டுபிடித்துவிடுவார். ஊருக்கே முன்கூட்டிச் சொல்லிவிட்ட ஒரு சொல்லுக்கு ரகசியம் என்று பெயர் வைத்துக்கொண்டு நாம் பணம் அனுப்புகிறோம், சண்டை போடுகிறோம், டாக்டரிடம் வியாதியைச் சொல்கிறோம். இரண்டு ரேடியோக்கள் முன்பின் எந்தச் சொல்லையும் பகிர்ந்துகொள்ளாமல், பேச ஆரம்பிக்கிற அந்த நேரத்திலேயே தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சாவியை உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. முடியும் என்று கணக்கு சொல்கிறது. கணக்கு சொன்னதைச் செய்து காட்டுவதற்குள் எனக்கு ஆறு வருடம் ஓடிவிட்டது.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த நீட்டிப்புகளில் கடைசி நீட்டிப்பும் முடியப் போகிற சமயம் அது. ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால், பிஎச்டி இல்லாதவர்களை அடுத்த வருடம் வைத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள். ஆக, இரண்டு பௌர்ணமிக்குள் என் வேலை இருக்குமா போகுமா என்பது தெரிந்துவிடும். பௌர்ணமிக் கணக்கில் ஏன் சொல்கிறேன் என்பதற்கு என் நாத்தனாரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அவளை அடி அண்ணாமலையில் கட்டிக் கொடுத்திருந்தோம். நான்கு வருடம் கழித்து ஒரு பையோடும் ஒரு போனோடும் திரும்பி வந்தாள். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மூன்று மாதம் இருந்தது. இப்போதெல்லாம் அந்த மூன்று மாதமும் போனில்தானே குடித்தனம். நமக்குள்ளே என்ன ரகசியம் என்று மாப்பிள்ளை அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டான். இவளும் சந்தோஷமாகச் சொன்னாள், தோழிகளிடம் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு தினமும் சாயங்காலம் போனை அவன் கையில் கொடுக்க வேண்டும், அவன் ஒவ்வொன்றாகப் பார்ப்பான். ஒருநாள் இவள் பாஸ்வேர்டை மாற்றினாள். அன்று என்ன நடந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வந்த அன்றே என் கணவர் அவள் போனுக்கு எங்கள் பைக் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். இனி இது நம்ம வீட்டுப் போன் என்று தைரியம் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். ஆன்லைனில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் எல்லாம் நாள் முழுக்க அவளிடம் தங்கள் பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் வாய் ஜாஸ்தி. எனக்குக் கோபம் ஜாஸ்தி. ஆகவே எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டையை உடைத்துப் பருப்பெடுத்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டாள்: "இன்னா அண்ணி, ஆறு வருஷமா அப்படி இன்னாதான் படிக்கிறீங்க?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். அன்று ஏனோ பொறுமையாகச் சொன்னேன். "என் ரேடியோ ஒரு சத்தம் போடுதுன்னு வெச்சுக்கோ. உங்கண்ணன் கையில இருக்கற ரேடியோ அதைக் கேக்குது. அந்தச் சத்தம் நேரா மட்டும் போறதில்ல. மலையில பட்டு, லாரியில பட்டு, நடக்கறவங்க மேல பட்டு, பத்து வழியில போய்ச் சேருது. எல்லாம் கலந்து சில நேரம் ஜாஸ்தியா கேக்கும், சில நேரம் கம்மியா கேக்கும். உடனே அவரு ரேடியோ பதிலுக்குச் சத்தம் போடும். போன வழியாவே திரும்பி வரதால எனக்கும் அதே ஜாஸ்தி கம்மிதான் கேக்கும். ஜாஸ்தின்னா ஒண்ணு, கம்மின்னா சைபர். அப்படியே எழுதிக்கிட்டே போனா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே நம்பர் வரும். அதுதான் சாவி."

"நடுவுல எவனாவது நின்னு கேட்டா?"

"அவனுக்கு வந்து சேர்ற வழி வேற. அவனுக்கு வேற ஜாஸ்தி, வேற கம்மி. எங்க ரெண்டு பேருல ஒருத்தர ஒட்டிக்கிட்டு நின்னாத்தான் உண்டு. ஒரு சாண் தள்ளிட்டாலே அவனுக்குக் கிடைக்கறது குப்பை."

அவள் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துத் தரையில் வைத்துப் பார்த்தாள். "இவ்ளோதானா?"

"நான் எடுத்திருக்கற அலைக்கு இவ்ளோ போதும்."

"அப்ப யாரும் யார்கிட்டயும் எதையும் சொல்லவே தேவையில்ல."

"தேவையில்ல."

"குடுன்னு கேட்டு வாங்கவும் முடியாது."

"முன்னாடியே இருந்தாத்தானே கேட்டு வாங்கறது? அப்பப்ப பொறக்குது, வேலை முடிஞ்சா அழிஞ்சுடுது."

அவள் வெகுநேரம் கடலைத் தொலியை மட்டும் நொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்தில் என் ஆராய்ச்சியை ஒருவர் முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை என்பதால் எனக்கு அவள் மேல் சட்டென்று ஒரு பிரியம் வந்தது.

என் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ரேடியோக்களை ஆய்வுக்கூடத்தில் மேஜை மேல் வைத்தால் எதுவும் அசையாது. ஒன்று, ஒன்று, ஒன்று என்றே வந்துகொண்டிருக்கும். அது எங்கள் பைக் நம்பரைவிடக் கேவலமான சாவி. நல்ல சாவி வேண்டுமென்றால் அசைவு வேண்டும். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடக்க வேண்டும், சுற்றிலும் எல்லாம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கல்லூரி வராந்தாவில் நடந்து எடுத்த அளவுகள் போதாது, வெளியில் நீண்ட தூரம் நடந்து எடுத்துக் காட்டு என்று என் வழிகாட்டியான பேராசிரியை சொல்லியிருந்தார். அதற்கு எங்கே போவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் பதினாலு கிலோமீட்டர் நடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படி யோசித்ததற்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும். "மலை சுத்தும்போது தூக்கிட்டுப் போயேன்" என்று சாதாரணமாகச் சொன்னவர் என் கணவர்தான்.

மூன்று ரேடியோக்கள் தயார் செய்தேன். எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் அலை வெளியே வராது என்பதால் பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் வைத்து, ஆன்டெனா மட்டும் மூடிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்படி துளை போட்டேன். ஒவ்வொரு டப்பாவும் தான் கேட்டதையும், கேட்ட நேரத்தையும், இடத்தையும் எழுதிக்கொண்டே வரும். கணவர் ஒரு டப்பாவோடு முப்பது அடி முன்னால் போவார். நடுவில் நான். மூன்றாவது டப்பா எதிராளியுடையது. என் பின்னால் பத்தடி தள்ளி வந்து எங்கள் இருவரையும் ஒட்டுக்கேட்க வேண்டும்.

"அத நான் தூக்கிட்டு வரேன்" என்றாள் நாத்தனார். "நாலு வருஷம் என்னை ஒட்டுக்கேட்டாங்க. இப்ப நான் கேட்டுப் பாக்கறேன்."

அவள் திரும்பி வந்த பிறகு மலை சுற்றப் போகவே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் பௌர்ணமியன்று நான்கு மணிக்கு ராஜகோபுரத்திலிருந்து கிளம்பினோம். தார் ரோட்டின் சூடு காலில் நன்றாகவே ஏறியது. செங்கம் ரோட்டில் ஒரு கான்ஸ்டபிள் என் கணவரின் தோளிலிருந்த டப்பாவையும் ஆன்டெனாவையும் பார்த்துவிட்டு நிறுத்தினார். "என்னா சார் இது?"

"ஒய்ஃபோட பிஎச்டி சார்."

அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார், கல்லூரிக் கடிதத்தைப் படித்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "எப்ப சார் முடியும்?" என்று கேட்டார். போலீஸ்காரர்கூட ஊரே கேட்கிற அதே கேள்வியைக் கேட்டதில் என் கணவருக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடி அண்ணாமலை வரும்போது இருட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டு பக்கமும் கடைகள், மைக் செட், சுக்குக் காபி வாசனை. கூட்டம் நெருக்கித் தள்ளியது. கணவரின் டப்பாவில் ஒட்டியிருந்த சிவப்பு விளக்கு கண்ணிலிருந்து மறைந்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். யாரோ டப்பா இருந்த என் தோள்பையின் பட்டையைப் பிடித்து இழுப்பது போலவும் முதுகில் யாரோ இடிப்பது போலவும் இருந்தது. அந்தக் கூட்டத்தில் யார் யாரை இடிக்காமல் இருந்தார்கள்? நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மூன்று டப்பாக்களின் பதிவுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். என்னுடையதும் கணவருடையதும் கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போயின. கூட்டம் அதிகமான இடங்களில் சாவி வேகமாகப் பிறந்திருந்தது. ஒட்டுக்கேட்ட டப்பாவுக்குப் பாதிக்குப் பாதிதான் சரியாக வந்திருந்தது. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. அப்புறம்தான் வழியில் ஓர் இடத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு கிராஃபில் எதிராளியின் கோடு செங்குத்தாக மேலே ஏறி, என் சாவியை அப்படியே பிடித்துவிட்டு, மறுபடி கீழே இறங்கியிருந்தது.

பேராசிரியைக்குப் போன் செய்தேன். "நடுவுல இருக்கறவனுக்குச் சாவி கிடைக்குதுன்னா அத எப்படிப் பாதுகாப்புன்னு எழுதுவ? காரணம் தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாதும்மா" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். ஆறு வருடமும் போச்சு என்றுதான் தோன்றியது. அன்று மதியம் சாப்பிடவும் இல்லை.

சாயங்காலம் வெறுப்போடு மறுபடி உட்கார்ந்து, கோடு ஏறிய நேரத்தையும் இடத்தையும் எடுத்துப் பார்த்தேன். அடி அண்ணாமலைக் கடைத் தெரு. அங்கே ஆரம்பித்து அங்கேயே முடிகிறது. அலைகளுக்கு அந்தத் தெருவில் மட்டும் தனி விதி இருக்க முடியாது. டப்பாவைத் தூக்கி வந்தவள்தான் ஏதோ செய்திருக்கிறாள்.

அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நான் பாய்ந்துவிட்டேன். "பத்தடி தள்ளி வான்னு எத்தன தடவ சொன்னேன்?"

"தள்ளித்தான் அண்ணி வந்தேன்."

"பொய் சொல்லாத. இங்க பாரு." கோட்டைக் காட்டினேன். "இங்கருந்து இங்க வரைக்கும் நீ என் முதுகுல ஒட்டிக்கிட்டு வந்திருக்க. ஒரு சாண்கூட இல்ல."

அவள் திரையையே பார்த்தாள். "மெஷின் அதெல்லாமா எழுதி வெக்கும்?" என்றாள், மிகவும் மெல்லிய குரலில். அப்புறம் சொன்னாள்: "அங்க அவங்க கடை இருக்கு அண்ணி. அவன் வாசல்ல நின்னுட்டிருந்தான். நான் உங்க பின்னாடி மறைஞ்சுக்கிட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. பதினாலு கிலோமீட்டர் பாதையையும் வரைபடத்தில் அடிக்கு அடி குறித்து வைத்தவள் நான். எங்கே விளக்குக் கம்பம், எங்கே வளைவு என்று எல்லாம் என்னிடம் இருந்தது. இந்த வீட்டுப் பெண் எந்தக் கடையைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பது மட்டும் அதில் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் நிறுத்தியதும் இல்லாமல், பயந்ததற்குக் கணக்கு வேறு கேட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வருகிற காரியம் இல்லை, இருந்தாலும் கேட்டேன்.

பேராசிரியையிடம் காரணத்தைச் சொன்னபோது அவர் குரலில் உயிர் வந்தது. ஒரு சாணுக்குள் வந்தால் மட்டுமே சாவி போகும் என்பதற்கு இதுவே நல்ல சான்று, அதையும் எழுது என்றார். ஆனால் முழுச் சுற்றும் தள்ளியே நடந்த ஒரு பதிவு கட்டாயம் வேண்டும் என்றும் சொன்னார். மிச்சமிருந்தது ஒரே ஒரு பௌர்ணமி. கல்லூரி லேப் உதவியாளர் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, வீட்டில் சொன்னேன்.

"எதுக்கு? நானே வரேன்" என்றாள் அவள்.

"வேணாம். என் வேலைக்காக நீ அங்க வர வேணாம்."

"உங்களுக்காக யாரு வரேன்னாங்க? நான் சின்ன வயசுலருந்து சுத்தற மலை அண்ணி. அவன் கடைக்குப் பயந்துக்கிட்டு வராம இருந்தேன். இன்னும் எத்தன நாளைக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீங்க திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தீங்கன்னா நான் ஓடி வந்து ஒட்டிப்பேன்" என்றாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவையும் தவறினால் எனக்கு இன்னொரு பௌர்ணமி கிடையாது என்பது அவருக்குத் தெரியும். "அவளே வரட்டும்" என்றேன். தியாகம் ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது பௌர்ணமியன்றும் அதே நான்கு மணி, அதே டப்பாக்கள். அந்தக் கான்ஸ்டபிளே நின்றிருந்தார், இந்தத் தடவை நிறுத்தவில்லை, "இன்னும் முடியலையா?" என்று மட்டும் கேட்டார். அடி அண்ணாமலை நெருங்க நெருங்க என் தோள்பையின் பட்டையிலேயே என் நினைப்பெல்லாம் இருந்தது. எந்த நேரமும் அதை ஒரு கை வந்து பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும், ஆய்வேடு போனால் போகட்டும் என்று நிஜமாகவே ஓர் இடத்தில் நினைத்தேன். அடுத்த அடியிலேயே ஐயோ பிடித்துவிடாதே தாயே என்றும் நினைத்தேன். கடைத் தெரு முழுவதும் அப்படியே போயிற்று. யாரும் என் பையைப் பிடிக்கவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

தெரு முடிந்து கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து வேகமாக மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "நடங்க அண்ணி, நடங்க, பத்தடி தள்ளித்தான் இருக்கேன்" என்று அவள் கத்தினாள். பக்கத்தில் நடந்தவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சுற்று முடிந்து ராஜகோபுரத்துக்கு எதிரில் டப்பாவை என்னிடம் கொடுத்தபோது அவள் முகம் கழுவி விட்டது போல இருந்தது. எனக்குப் பசிக்குது என்றாள்.

மறுநாள் பதிவுகளைப் பார்த்தேன். எதிராளியின் கோடு மலையைச் சுற்றிலும் பாதிக்குப் பாதியிலேயே படுத்துக் கிடந்தது. கடைத் தெருவில் மட்டும் வேறொன்று இருந்தது. அவளுடைய டப்பாவில் எங்கள் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து, சுத்தமாக நின்றுபோய், நான்கு நிமிடம் கழித்துத் திடுதிப்பென்று வந்திருந்தது. இடத்தையும் பார்த்தேன். அந்த நான்கு நிமிடமும் டப்பா ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. நாங்கள் எட்டிப் போகும் வரை அவள் அந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறாள், அப்புறம் ஓடி வந்திருக்கிறாள். மறைந்துகொள்ள அங்கே என் முதுகும் இல்லை.

பேராசிரியை அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி என்ன என்று கேட்டார். தூக்கி வந்தவர் நின்றுவிட்டார், அதனால் கருவி எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது என்றேன்.

"ஏன் நின்னாங்க?"

"அது அவங்க சொந்த வேலை மேடம்" என்றேன். அவர் அதை அப்படியே அடிக்குறிப்பில் எழுதச் சொன்னார், சொந்த வேலை என்பதை மட்டும் விட்டுவிட்டு.

அவளிடமும் நான் கேட்கவில்லை. அவன் ஏதாவது சொன்னானா, இவள் ஏதாவது சொன்னாளா, சும்மா பார்த்துக்கொண்டு நின்றாளா, எனக்கு இன்று வரை தெரியாது. கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்ததை மறைக்கவும் மாட்டேன்.

அன்று சாயங்காலம் அவளே வந்து என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். "ஒட்டுக்கேட்டதுல ஏதாவது தெரிஞ்சுதா அண்ணி?"

"ஒண்ணும் தெரியல" என்றேன்.

"ஒண்ணும் தெரியலன்னா நீங்க பாஸுதானே?"

பாஸ்தான். நீட்டிப்பு முடிவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தேன். வேலை நிலைத்துவிட்டது, மாணவர்களைத் திட்டுவதும் நிற்காமல் நடக்கிறது.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, என் கணவரின் போனில் சார்ஜ் இல்லை. கேஸ் சிலிண்டர் ஏஜென்சிக்குப் பேச, மேஜை மேலிருந்த தங்கையின் போனை எடுத்துப் பைக் நம்பரைப் போட்டார். திறக்கவில்லை. மறுபடி போட்டார். அப்போதும் திறக்கவில்லை.

"பாஸ்வேர்ட மாத்திட்டியாம்மா?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. "ஆமாண்ணே" என்றாள்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் சமையலறை வாசலுக்குப் போய் அதை அவளிடம் நீட்டினார்.

"சரி, நீயே தொறந்து குடு" என்றார்.